வாளியில் அலசிய சாக்ஸ்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா என்று முதலில் எழுதுங்கள்.

இங்கே ஒரு கூத்து நடந்தது, பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் ஆய்வகத்தில் இரண்டு தொட்டிகளில் ஆற்றுநீர் நிரப்பி, கடுகளவு நீர்ப்பூச்சிகளை வளர்க்கிறோம். பூச்சிகளை அது என்ன செய்கிறது என்று பார்க்க, ஒன்றில் மட்டும் நானோ வெள்ளித்துகளைக் கலப்போம். கண்ணுக்கே தெரியாத அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படியும்; பூச்சிகளின் வயிற்றுக்குள்ளும் போகும். நேற்றுக் காலையில் பார்த்தால், எதுவுமே கலக்காத தொட்டியில் அத்தனை பூச்சியும் செத்துக் கிடந்தது.

"இதுல என்னத்தைப் போட்ட?" என்றார் எங்கள் மேடம்.

"சத்தியமா ஒண்ணும் போடல மேடம்."

அவர் பார்வை ஹீட்டர் மேல் காய்ந்துகொண்டிருந்த என் சாக்ஸில் போய் நின்றது.

வாடையே வராது என்று நீங்கள் தேடி வாங்கித் தந்தீர்களே, அதேதான். மழையில் நனைந்ததை முந்தின நாள் வாளியில் அலசினேன். அதே வாளியில்தான் அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் எடுத்து ஊற்றியிருக்கிறேன். வாடையைத் தடுப்பதே அதில் பூசியிருக்கும் வெள்ளித்துகள்தானாம். பகலெல்லாம் அதையே ஆராய்ந்துகொண்டு, காலிலும் அதையே மாட்டித் திரிந்திருக்கிறேன்.

தம்பிக்கும் வாங்கித் தந்த அதே சாக்ஸை மீன்தொட்டிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

மேடம் கூப்பிடுகிறார். எனக்குச் சாதாரணப் பருத்தி சாக்ஸ் அனுப்புங்கள். நாறினால் நாறட்டும், பக்கத்தில் வந்து உட்கார இங்கே யார் இருக்கிறார்கள்.

உங்கள் மகள்