அட்டையைத் தொலைத்த அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது உன்னைப் பற்றி நான் நிரப்பிய மருத்துவமனைப் படிவத்தின் நகல் கையில் அகப்பட்டது. "பன்னிரண்டு வயதுக்கு முன் பொருள்களை அடிக்கடி தொலைத்தாரா?" என்று மலாயில் ஒரு கேள்வி. எதிரே என் கையெழுத்தில் "ஆமாம்" என்று இருக்கிறது. விவரம் எழுத நான்கு வரி இடம் விட்டிருந்தார்கள். அது நான்கு வரியில் அடங்குகிற விவரமா? அப்படியே விட்டுவிட்டேன்.

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம். சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீடு நம்முடையது. அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய் ஒரு வருடம் ஆகியிருந்தது. உனக்குப் பத்து வயது, எனக்கு எட்டு, நம் தங்கை பாப்பாவுக்கு இரண்டு. அம்மா விடியுமுன் வேலைக்குப் போய்விடுவாள். அடுப்பில் மரவள்ளிக்கிழங்கை வைத்துவிட்டு நீ வாய்க்கால் பக்கம் போய்விடுவாய். கருகின வாசனை வந்த பிறகுதான் உனக்கு அடுப்பு நினைவுக்கு வரும். பள்ளியில் காலையில் ஜப்பான் சக்கரவர்த்திக்கு வணக்கமாகக் கிழக்கே பார்த்துக் குனிந்து நிற்க வேண்டும். உன் கால் நிற்காது. அதற்காக நீ வாங்கிய அறைகளை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

அந்த நாள் மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாப்பாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். அரிசி போடுகிற நாள். அம்மா அரிசி அட்டையை உன் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"நேரா ஸ்டோருக்குப் போ. அரிசிய வாங்கு. நேரா வா. எங்கயும் நிக்காத."

"சரிம்மா, நிக்க மாட்டேன்."

நீ பொய் சொல்லவில்லை. நிற்கக் கூடாது என்றுதான் கிளம்பினாய். வழியில் ஒரு ராணுவ லாரி சேற்றில் சிக்கியிருந்தது. சிப்பாய்கள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். சக்கரம் எப்படிச் சேற்றை வாரி அடித்தது, எந்தச் சிப்பாயின் தொப்பி விழுந்தது என்பதையெல்லாம் பல வருடம் கழித்தும் நீ அச்சுப் பிசகாமல் சொல்வாய். கையிலிருந்த அட்டை எப்போது விழுந்தது என்பது மட்டும் உனக்குத் தெரியாது.

மாலை வரை அந்தச் செம்மண் பாதை முழுக்கத் தேடியிருக்கிறாய். அம்மா தோட்டக் கணக்கெழுதும் கிராணியிடம் போய் அழுதாள். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் பயந்துபோயிருந்தார். "அட்டை இல்லாம அரிசி குடுத்தா என் தல இருக்காதும்மா" என்றார். அந்த மாதம் முழுக்க வெறும் கிழங்கு. இரண்டாவது வாரம் பாப்பா போய்விட்டாள்.

குழியை மூடிவிட்டு வந்த அம்மா உன்னைப் பார்த்துச் சொன்னாள்: "நீ தொலைச்சது அட்டைய இல்லடி. என் புள்ளைய."

நீ அழவில்லை. வாசல் கட்டையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே இருந்தாய். அதைப் பார்த்துத்தான் உனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்தார்கள். பூசாரி உன்னை ரப்பர் மரத்தில் கட்டி வேப்பங்குழையால் அடித்தபோது நான் வீட்டுக்குள் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் வேலைக்குப் போகும்போது அம்மா பழைய சேலைக் கிழிசலால் உன் காலைத் தூணில் கட்டிவிட்டுப் போவாள். முடிச்சு காலை அறுக்காமலிருக்க விரலை விட்டுப் பார்ப்பாள்.

போர் முடிந்தது. அப்பா திரும்பவில்லை. நான் படித்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஆனேன். உனக்கு எந்த வேலையும் நிலைக்கவில்லை. சாஆ பட்டணத்தில் உன் வீட்டுக்கு வந்தால் பாதி மடித்த துணி, பாதி நறுக்கிய காய், திறந்து கிடக்கும் கதவு. "ஒரு வேலையாவது முழுசா செய்யக்கா" என்று நானும்தான் திட்டியிருக்கிறேன். வகுப்பில் உன்னைப் போன்ற பிள்ளைகளை நாற்காலிமேல் நிற்க வைத்திருக்கிறேன். இதை உன்னிடம் நேரில் சொல்லத் துணிவு வரவில்லை.

உன் பேத்தி யாழினிக்கு ஒன்பது வயதில் கவனக்குறைவுக் கோளாறு என்று கண்டுபிடித்தபோது உனக்கு எழுபது நெருங்கிவிட்டது. டாக்டர் அவளைப் பற்றிக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நீ முந்திக்கொண்டு, "நானும் அப்படித்தான், நானும் அப்படித்தான்" என்றாயாம். இது பல குடும்பங்களில் வழிவழியாக வரும் என்று சொல்லி, அவர்தான் உன்னைப் பெரியவர்களுக்கான மருத்துவரிடம் அனுப்பினார். உன் சிறு வயதைப் பார்த்தவர் யாராவது வேண்டும் என்றார்கள். நான் ஒருத்திதான் மிச்சம்.

லாரியை, அட்டையை, பாப்பாவை, தூணை எல்லாம் அன்று அந்த அறையில் சொன்னேன். முதன்முறையாக வாய் திறந்து சொன்னேன். அந்த இளம் பெண் மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உன்னைப் பார்த்துச் சொன்னார்.

"அம்மா, பாப்பா போனது காய்ச்சலால. மருந்தும் சாப்பாடும் இல்லாத காலம் அது. அட்டை விழுந்தது, ஒங்க மூளைக்குக் கவனத்தப் புடிச்சு வைக்கிறது கஷ்டம்கிறதால. ரெண்டையும் சேத்துப் போட்டு ஒங்களயே தண்டிச்சுக்காதீங்க."

பிறகு, "நான் வேணும்னு செய்யலன்னு எழுதித் தருவீங்களா?" என்று கேட்டாய். அவர் எழுதிக் கொடுத்தார். நீ அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாய்.

உன் இதயத்தைச் சோதித்து, ரத்த அழுத்தம் பார்த்து, மிகக் குறைந்த அளவில் மாத்திரை தொடங்கினார்கள். நாலாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டாய். "மழ விட்ட மாதிரி இருக்குடி. தகரக் கூரைச் சத்தம் நின்னுடுச்சு." அடுத்த வாரமே பசியில்லை, தூக்கமில்லை என்றாய். அளவை மாற்றினார்கள். மாத்திரை பாதி வேலைதான் செய்யும் என்று மருத்துவர் சொன்னதை நீ பிடித்துக்கொண்டாய். ஒரு வேலை முடியாமல் அடுத்ததில் கை வைப்பதில்லை, பட்டியல் எழுதாமல் கடைக்குப் போவதில்லை. ஆனாலும் வாரத்துக்கு ஒரு முறை சாவியைத் தொலைத்தாய். "தொலஞ்சா தேடுவோம், இப்ப என்ன?" என்று சிரித்தாய்.

யாழினியின் அம்மா, உன் மருமகள்தான் பயந்தாள். "பைத்தியத்துக்குக் குடுக்குற மாத்திரைய எம்புள்ளைக்குக் குடுக்க மாட்டேன்" என்றாள். நீ அவளோடு சண்டை போடவில்லை. மருத்துவரிடம் கூட்டிப்போய் அவளையே கேட்க வைத்தாய். முதலில் பெற்றோருக்குப் பயிற்சி, பள்ளியில் முன்வரிசை இடம், பாடத்தைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுப்பது, போதாவிட்டால் மாத்திரை, அதுவும் எடையையும் பசியையும் பார்த்துப் பார்த்து என்று தெரிந்ததும் அவள் இறங்கி வந்தாள். பள்ளியில் ஓர் ஆசிரியர், "ரெண்டு அடி போட்டா சரியாயிடும்" என்றபோதுதான் நீ எழுந்து நின்றாய்.

"என்னையும் அடிச்சாங்க சார். மரத்துல கட்டி அடிச்சாங்க. எழுபது வயசாச்சு, சரியாவல. வேற வழி பாப்போம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். உன்னோடு வந்திருந்த நானும்தான்.

யாழினி இப்போது குவாந்தானில் வேலை பார்க்கிறாள். பின்னால் தொடங்கிய மாத்திரையை இடையில் நிறுத்தினாள், திணறினாள், மருத்துவரிடம் பேசி மறுபடி தொடங்கினாள். உன் இறுதிச் சடங்குக்கு மூன்று மணி நேரம் தாமதமாக வந்தாள். யாரும் அவளைத் திட்ட நான் விடவில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் தன் மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். "டீச்சர், இவ ஒரு எடத்துல நிக்க மாட்றா, சொன்னது ஒண்ணும் மண்டையில ஏறல. நான் என்ன தப்பு பண்ணேன்னு தெரியல."

"நீயும் தப்பு பண்ணல, அவளும் பண்ணல. உக்காரு" என்றேன். அந்தப் பிள்ளை உட்காரவில்லை. என் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள், கையில் கிடைத்ததையெல்லாம் தொட்டாள். நான் அவளை நிற்கச் சொல்லவில்லை. "ஒன் பேரு என்ன, செல்லம்?" என்று கேட்டேன். ஓடிக்கொண்டே சொன்னாள்.

திங்கட்கிழமை கிளினிக்கில் அவர்களுக்கு முதல் சந்திப்பு. அந்தப் பெண்ணுக்குத் தனியாகப் போகப் பயம். எனக்கு முழங்கால் வலி, பேருந்துப் படி ஏற முடியவில்லை. இருந்தாலும் நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன், அக்கா.