பின்னாலிருந்து கூப்பிடாதவள்

கதவைக்கூடச் சாத்தாமல் போனவனுக்கு,

இந்த வாரத்தில் நான்காவது முறையாகப் நம் பிட்டன்வீமிலிருந்து க்ரெயிலுக்குக் கடலோரப் பாதையில் கிளம்பினேன். முந்தைய மூன்று முறையும் பாதி வழியில் செல்லர்டைக் வரை வந்து திரும்பிவிட்டேன். காற்று பலம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காற்றெல்லாம் ஒன்றுமில்லை.

இன்று அங்கே துறைமுகத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் தோழி எஃபி பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, இன்னைக்கும் பாதியிலயே திரும்பப் போறியா? பூட்ஸ்தான் தேயுது, உன் வீம்பு தேயலையே! வீட்டைவிட்டுப் போன அன்னைக்கு உன் புருஷன் தெருமுனையில ரெண்டு தடவை நின்னு திரும்பிப் பார்த்தானாம். நீ கூப்பிடலைன்னுதான் க்ரெயில்ல அண்ணன் வீட்டுலயே கெடக்கிறான்."

"படகுக்குப் போற ஆம்பளைய எவளாவது பின்னாலேர்ந்து கூப்பிடுவாளா?"

"படகா? இன்ஜினைக் கழட்டிப் போட்டிருந்தாங்களேடி அன்னைக்கு!"

அது எனக்குத் தெரியும் என்று நீ நினைத்திருக்கிறாய். சண்டை போட்டு ஒரு வாரமாகப் பேச்சில்லாமல் இருந்த வீட்டில் எனக்கு யார் சொல்வது? நீ கிளம்பியபோது உன் தோளில் கடலுக்குக் கொண்டுபோகும் பையைப் பார்த்தேன். வாய்வரை வந்த உன் பெயரை விழுங்கிக்கொண்டேன். உனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்றுதான்.

இப்போது க்ரெயில் துறைமுகத்துக்கு மேலே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். கீழே நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நண்டுக் கூண்டு பின்னுகிறாய். இதை எழுதி உன் அண்ணியிடம் கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் காகிதத்தை எடுத்தேன்.

வேண்டாம். எந்தப் படகும் கிளம்புவதாக இல்லை. இதைக் கையில் வைத்துக்கொண்டு ஊரே கேட்கும்படி கூப்பிடப் போகிறேன். திரும்பிப் பார்.

உன் முதுகுக்குப் பின்னால் நிற்பவள்