சொம்புக்குள் கட்டில்

ஜூன் 11, புதன்

விடிந்ததிலிருந்து சாரல். வெளிச்சம் சரியில்லை. ஆனாலும் பாத்திரக்கடை அண்ணாச்சிக்குப் பித்தளைச் சொம்பு படங்கள் அனுப்பியாச்சு. அவர் ஆன்லைனில் விற்கப் போகிறார், படம் என் பொறுப்பு. முன்னறைதான் ஸ்டுடியோ. அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்கே சிரிப்பு. ஒரு மேஜை, ஒரு பழைய கேமரா, அதோடு வந்த லென்ஸ், ஒரு ஜன்னல்.

மத்தியானம் அண்ணாச்சி போன்.

"படம்லாம் ஜோரா இருக்கும்மா. ஆனா சொம்பு வயித்துல ஒங்க வீடே தெரியுதே. கட்டில்ல ஆரோ படுத்திருக்காவ, ஒங்க அத்தையா?"

"ஆமா அண்ணாச்சி" என்று சொல்லிவைத்தேன். அத்தை காலையிலிருந்து முன்னறைக்குள் வரவே இல்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வளைந்த ஜன்னல், வளைந்த நான், எனக்குப் பின்னால் கட்டில், அதன்மேல் நீளமாக ஒரு ஆள். மெத்தையைச் சுருட்டி நீளவாக்கில் வைத்து என் வீட்டுக்காரர் போர்வையால் மூடினது நானேதான். தெரிந்தும் போனைக் கவிழ்த்துவிட்டேன்.

அத்தை பெற்ற பிள்ளை. அவர் போய் ஆறு மாசம்.

ஜூன் 13, வெள்ளி

வாங்க யோசனை: லென்ஸ் (50 மி.மீ.-ஆ, 100-ஆ?). ட்ரைபாட். வெள்ளைத் துணி. எல்இடி விளக்கு ரெண்டு, கரண்ட் போனால் இன்வெர்ட்டர். ஈரம் உறிஞ்சும் பொட்டலம், இல்லாவிட்டால் சாரல் காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை.

கேமரா கடைக்காரர் செங்கோட்டை ஆள். யாரைப் பார்த்தாலும் அக்காவுக்குப் பதில் மலையாளத்துச் சேச்சி. வாய் மூடாது. முதலில் ஒரு ஃபில்டரை என் தலையில் கட்டப் பார்த்தார்.

"இது போட்டா கண்ணாடிப் பளபளப்பெல்லாம் அடங்கிரும் சேச்சி."

"பித்தளைக்கு?"

"பித்தளைக்கு அடங்காது. பொய் சொல்லப்பிடாதுல்லா." அப்புறம் நிஜத்துக்கு வந்தார். "அம்பதுன்னா கிட்டக்க நின்னு எடுக்கணும், ஒங்க மூஞ்சிதான் சொம்புல விழும். நூறு வாங்குங்க. தள்ளி நிக்கலாம். குறுக்க வெள்ளைத் துணியக் கட்டி, ஓட்டை போட்டு லென்ஸ நுழைச்சிருங்க. ரூமே தெரியாது. எடம் இருக்கா? அளந்து பாத்துட்டு வாங்க."

வீட்டில் டேப் பிடித்தேன். பத்தடி அறை. மேஜைக்கு ரெண்டு, கட்டிலுக்கு மூணு, மிச்சம் அஞ்சு. அண்ணாச்சி கடையின் ஒன்றரை அடி குத்துவிளக்கை நூறில் முழுசாக எடுக்க அந்த அஞ்சடி பத்தாது. கட்டில் இல்லையென்றால் பத்தும்.

டேப்பின் மறுமுனையை அத்தைதான் பிடித்திருந்தாள். டேப்பைச் சுருட்டினேன். ஐம்பதே போதும்.

ஜூன் 15, ஞாயிறு

குற்றாலம் ரோட்டில் வேன் கூட்டம். மெயினருவியில் குளிக்க விடவில்லையாம், எல்லாரும் முகம் தொங்கித் திரும்புகிறார்கள்.

ஐம்பதை ரெண்டு நாள் போட்டுப் பார்க்கக் கேமரா கடைக்காரர் கொடுத்திருக்கிறார். எடுத்ததெல்லாம் வீண். சொம்பில் என் மூக்கு சுரைக்காய் மாதிரி. பின்னால் அதே கட்டில்.

அப்புறம் என் கெட்டிக்காரத்தனம். எல்லாம் வெள்ளையாக இருந்தால் தெரியாதே என்று என் வீட்டுக்காரர் வேட்டி ஒன்றை எடுத்துக் கட்டிலை முழுக்க மூடினேன். எடுத்தேன். திரையைப் பார்த்தேன். அன்றைக்கும் இதே அறையில் அவரை இப்படித்தான் மூடி வைத்திருந்தார்கள். வேட்டியை உருவிப்போட்டேன். படத்தை அழித்தேன்.

திரும்பினால் அத்தை.

"இங்கன காட்டு."

வேட்டி போடாத படத்தைக் காட்டினேன். கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள்.

"ஒருக்களிச்சுப் படுத்திருக்கான்."

"அது மெத்தை அத்தை."

"மெத்தைதான். நான் இல்லன்னா சொல்லுதேன்?"

ஜூன் 18, புதன்

அத்தை தினமும் கேட்கிறாள். "இன்னைக்குப் படம் எடுக்கலியாட்டி?" காட்டினால் கொஞ்ச நேரம் பார்க்கிறாள், தோசை ஊற்றப் போய்விடுகிறாள். எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. எந்தச் சொம்பைத் துடைத்தாலும் முதலில் உள்ளே பார்க்கிறேன். பயமெல்லாம் இல்லை. பயம்தான்.

அவர் லோடு வண்டி ஓட்டினார். புளியறை வழியாகக் கேரளாவுக்குக் காய்கறி. ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டுக் காலையில் வந்து இந்தக் கட்டிலில்தான் விழுவார். அன்றைக்கு மத்தியானம் சோறு போட்டுவைத்து எழுப்பப் போனேன். "எழுப்பாதட்டி, அலுத்துப்போயி வந்திருக்கான். ஒறங்கட்டும்" என்றாள் அத்தை. சரியென்று வந்துவிட்டேன். சாயந்தரம் வரை ரெண்டு பேரும் பாத்திரம் உருளாமல், கதவு கிரீச்சிடாமல் நடமாடினோம். தூக்கத்திலேயே, காலையிலேயே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். கேட்டுக்கொண்டோம். எழுப்பாமல் விட்ட அந்த ஒரு பேச்சை மட்டும் இந்த வீட்டில் யாரும் இதுவரை எடுத்ததில்லை.

சாயந்தரம் அண்ணாச்சி மறுபடி. "தப்பா நெனைக்காதம்மா. திருநெல்வேலிக்காரன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான். வர்ற வாரம் படம் சுத்தமா வரலன்னா அவன்ட்ட கொடுத்துருவேன்." எங்கள் ரெண்டு பேருக்கும் வேறு வரும்படி கிடையாது.

ஜூன் 20, வெள்ளி

நூறு வாங்கியாச்சு. பழசுதான். டார்ச் அடித்துப் பார்த்தேன், பூஞ்சை இல்லை.

கட்டிலை நானும் அத்தையும் கழற்றிப் பின்பக்கம் சாய்த்தோம். நல்ல கனம். அத்தை போர்வையை மட்டும் மடித்து ஜன்னல் திண்டில் வைத்தாள்.

தரையில் கட்டில் அளவுக்குச் சிவப்பு. மற்ற இடமெல்லாம் நடந்து நடந்து வெளிறிப்போயிருக்கிறது, அங்கே மட்டும் புதுச் சாயம் மாதிரி. பார்க்காத மாதிரி துணியைக் கட்டினேன். ஓட்டையில் லென்ஸ். குத்துவிளக்கு திரி முதல் அடி வரை விழுந்தது. சொம்பிலும் ஒன்றுமே இல்லை. ஒரே வெளுப்பு, நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு. அது லென்ஸ்.

அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. "இதும்மா படம்!" கடைச் சரக்கு முழுக்க இனி எனக்குத்தானாம்.

சந்தோஷப்பட வேண்டியதுதான். ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கித் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அத்தை இன்று படம் கேட்கவில்லை. ராத்திரி சோறும் வேண்டாமாம்.

ஜூன் 23, திங்கள்

சாரல் விடவில்லை. மூணு நாளாக அத்தை காப்பி மட்டும். சுவரைப் பார்த்தே படுக்கை. இன்று எப்படியோ எழுந்து ரேஷன் கடைக்குப் போனாள்.

அவள் வாசல் தாண்டினதும் பைத்தியக்காரி மாதிரி ஒரு காரியம் செய்தேன். வெள்ளைத் துணியை அவிழ்த்தேன். சொம்பை மேஜை விளிம்புக்கு நகர்த்தினேன். கேமரா தானாக விட்டுவிட்டு எடுக்கிற மாதிரி வைத்தேன். அந்தச் சிவப்பில் ஒருக்களித்துப் படுத்து, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். அத்தைக்கு ஒரே ஒரு படம். நினைப்பு அவ்வளவுதான்.

தரை சில்லென்று இருந்தது. போர்வையில் ஈர வாடை, கொஞ்சம் டீசல். டீசல் நானாக நினைத்துக்கொண்டதோ என்னவோ. கிளிக். கிளிக். போதும், எழுந்திருக்கலாம். எழுந்திருக்கத் தோன்றவில்லை. இப்படியே கிடந்தால் யாராவது எழுப்புகிறார்களா பார்ப்போம் என்று இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

பை விழுந்தது. அரிசி தரையெல்லாம் ஓடுகிற சத்தம்.

"ஏட்டி! ஏட்டி, எந்திரி!"

தோளைப் பிடித்து உலுக்கினாள். கன்னத்தில் பளாரென்று ஒன்று. "முழிச்சுத்தான் இருக்கேன் அத்தை, படத்துக்குத்தான்..." காதில் விழவே இல்லை. நான் பேசப் பேச உலுக்கிக்கொண்டே இருந்தாள். கண் என் மேல் இல்லை, போர்வை மேல்.

"எந்திரிலே. சோறு ஆறிப்போச்சுலே. எந்திரிய்யா, எந்திரி..."

கையைப் பிடித்துக்கொண்டேன். ரெண்டு பேரும் அழுது முடிக்க நேரமாயிற்று. அரிசியைச் சேர்ந்தே அள்ளினோம். அத்தை ரசம் ஊற்றி ரெண்டு வாய் சாப்பிட்டாள்.

கேமராவை நிறுத்த மறந்திருக்கிறேன். இப்போதுதான் பார்க்கிறேன். கடைசிப் படம், சொம்புக்குள் அத்தை குனிந்து உலுக்குகிறாள். போர்வைக்குள் இருப்பது யாரென்று தெரியவில்லை.