ஐந்து நாள் குளியல்

செவ்வாய், வடபுல நிலையம்
மருத்துவப் பதிவு: டாக்டர் மங்கையர்க்கரசி

நாள் 212, 08:10
இங்கே இருப்பது இரண்டே பேர். மெக்கானிக் சவரிமுத்துவுக்குக் குடலிறக்கம். கனம் தூக்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன், கேட்டால்தானே. அறுவை சிகிச்சைக்கு முன் மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டுச் சோதித்தேன். சீழ்க் கிருமி இருக்கிறது. வெட்டிய இடத்தில் அது இறங்கினால் ஆபத்து. ஐந்து நாள் மூக்குக்குக் களிம்பு, உடம்புக்குக் கிருமிநாசினிக் குளியல்.

"எங் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு தேய்க்கல டாக்டரம்மா" என்றார். காதுக்குப் பின்னாலும் தேய்க்கச் சொன்னேன்.

நாள் 217, 11:00
மறுசோதனையில் கிருமி இல்லை. அறுவை ஐம்பது நிமிடம். தையல் சுத்தம்.

நாள் 221, 06:30
காயத்தில் சீழ். காய்ச்சல் 39.4. "ஒழுங்காகக் குளித்திருந்தால் இது வருமா?" என்று கத்திவிட்டேன்.

"தேய்ச்சேன்லா" என்றார். கொஞ்சம் கழித்து, "முதுகு எட்டல."

நாள் 223, 14:05
காய்ச்சல் எந்த மருந்துக்கும் கட்டுப்படவில்லை. அவர் மூக்கிலிருந்த கிருமி சாதாரண மருந்துக்கே செத்தது. சீழில் இருப்பது எதற்கும் சாகவில்லை. அப்படியானால் இது வேறு. இந்த நிலையத்தில் இன்னொரு மூக்குதான் உண்டு.

16:20
என் மூக்கில் எடுத்ததோடு மரபணுச் சோதனை ஒத்துப்போகிறது. என்னுடையது. அறுவை அன்று எனக்கு ஜலதோஷம். முகக்கவசத்தைக் கையால் இழுத்துவிட்டேனா? நினைவில்லை. என்னை நான் சோதிக்கவே இல்லை. இதை எடுத்துப் படிப்பவர் யாராயினும் சரி, அந்தக் காயத்தில் கிருமியை வைத்தது நான்.

16:40
சொல்லிவிடத்தான் போனேன். மனைவி ரோசலினுக்குச் செய்தி பதிந்துகொண்டிருந்தார்: "தப்பு எம்மேலதான் புள்ள. டாக்டரம்மா சொன்ன மாதிரி நான் சரியாக் குளிக்கல. அவுகள யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது."

அனுப்பும் பொத்தானை என்னை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன்.

நாள் 225, 11:15
சவரிமுத்து போய்விட்டார். மருந்து கொண்டுவரும் கப்பலுக்கு இன்னும் நாற்பத்தொரு நாள். நான் சொல்லவே இல்லை. இரண்டு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் சொல்லவில்லை, பாவி.

15:30
பூமியிலிருந்து ரோசலின்: "அவரு எப்பவுமே குளிக்கச் சோம்பேறிதான் டாக்டரம்மா. நீங்க அழாதீக. கூடப்பொறந்தவ மாதிரி பாத்துக்கிட்டீகளாம், சொன்னாரு. உங்களுக்காக மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்துதேன்."

19:00
பதில் எழுத உட்கார்ந்தேன். 'ரோசலின், அவர் ஐந்து நாளும் ஒழுங்காகத் தேய்த்துக் குளித்தார்.' இதை எழுதி மூன்று மணி நேரமாகிறது. அடுத்த வரி