இரண்டு நீலக் கோடுகள்

ஜீலாங்,
மார்ச் 3

அன்புள்ள அக்கா ப்ரோன்வினுக்கு,

நீ சமைக்கப் போன மாட்டுப் பண்ணையில் போன் சிக்னல் கிடைக்காததால், கடிதம் மூலம் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: நம் பூனை பிஸ்கட், வீட்டு வசதி வாரியம் தந்த புது வீட்டின் முன்வாசல் வழியாக வெற்றிகரமாகக் குடிபுகுந்தது.

நான் இன்னும் என் சக்கரத்தில் புகவில்லை. வாசலில் இரண்டு படி. சக்கர நாற்காலிக்காரனுக்கென்றே கட்டிய வீடு. சட்டப்படி ஒரு படிகூட இருக்கக் கூடாது. அம்மா என்னை முதுகில் சுமந்து ஏற்றுகிறாள். நேற்று இறக்கிவிட்டு அப்படியே சமையலறைத் தரையில் படுத்துவிட்டாள்.

சோதனை நாளில் மட்டும் சரிவுப் பலகை இருந்தது. அதிகாரி போனதும் மேஸ்திரி ராஸ் அதை லாரியில் ஏற்றிக்கொண்டான். எங்கள் தெருவில் கட்டிய பத்து வீட்டுக்கும் அந்த ஒரே பலகைதான். ஆனால் உன் தம்பி லேசுப்பட்டவனா? அன்றே பெயின்ட் தட்டில் சக்கரத்தை விட்டு, பலகைமேல் இரண்டு நீலக் கோடு போட்டுவைத்தேன். பொறி!

இப்படிக்கு,
வாசலிலேயே குடியிருக்கும் ரீஸ்

மார்ச் 12

அன்புள்ள குட்டிச்சாத்தானுக்கு,

படித்த ஆத்திரத்தில் கரண்டியை வீசிவிட்டேன். கறி தீய்ந்தது, பண்ணை ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே தின்றார்கள். அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன் நடந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லையடா!

ஒன்று சொல். குடிவருபவர் தரப்பில் யாராவது ‘திருப்தி’ என்று கையெழுத்துப் போடாமல் சான்றிதழ் கிடைக்காதே? அந்த மடையன் யார்? கண்டுபிடி. அவன் காதை நான் திருக வேண்டும்.

அக்கா

மார்ச் 24

அன்புள்ள அக்கா,

எலி விழுந்தது. ஒன்பதாம் வீட்டுச் சோதனைக்கும் அதே பலகை. நேரே அதிகாரியிடம் போனேன்.

“மேடம், இந்தக் கோடு எங்க வீட்டுது.”

“டேய், அது வேற பலகைடா. உனக்கு வேற வேலையே இல்லையா?” என்றான் ராஸ்.

டயர் இடுக்கில் காய்ந்திருந்த நீலத்தைக் காட்டினேன். “அப்ப இதுவும் வேற வண்டியா, ராஸ் அண்ணே?”

அந்தம்மா பத்துச் சான்றிதழையும் நிறுத்திவிட்டார். திங்கள் முதல் எல்லா வாசலிலும் படியை உடைத்து கான்கிரீட் சரிவு. தெருவே கைதட்டியது.

இனி ஒரு சின்ன விஷயம். பொறியெல்லாம் இல்லை. அன்று வித்தை காட்டத்தான் பெயின்டில் ஓட்டினேன். ராஸ் அப்போதே சொன்னான்: “பலகையை எடுத்துருவேன், சரிவு அப்புறம் பாத்துக்கலாம். நீ கையெழுத்துப் போடு, பொக்லைன்ல ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்.”

போனேன். ரொம்ப நன்றாக இருந்தது.

லீவுக்கு வரும்போது காதைத் திருகிக்கொள். அம்மாவிடம் மட்டும் நீ சொல்லாதே. நானே சொல்கிறேன். அவள் முதுகு கொஞ்சம் நிமிரட்டும்.

மடையன்
ரீஸ்