துண்டு மூடாத விலை

குருபரப்பள்ளி,
1956, மாசி மாதம்.

என் கண்ணான மகன் முனிராஜுக்கு உன் அப்பன் திம்மராயன் மனசார வாழ்த்தி எழுதவைக்கும் கடிதம். தெய்வம் வைத்த மட்டும் இங்கே நானும் உன் அம்மாவும் உன் பெண்சாதி சென்னம்மாளும் சௌக்கியம், கரக்பூரில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று பதில் வந்தால்தான் உன் அம்மாவுக்குச் சோறு இறங்கும். செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. சீம்பால் காய்ச்சின அன்று உன் அம்மா ஒரு சொம்பில் தனியாக எடுத்து மூடி வைத்தாள், யாருக்கு என்று கேட்டதற்கு அப்புறம்தான் நீ இங்கே இல்லை என்று அவளுக்கே நினைவு வந்தது, அவளே சிரித்து அவளே அழுதாள். உனக்கு ரயில்வேயில் வீடு கொடுத்திருக்கிறார்கள், இரண்டு அறை, வாசலிலேயே குழாய் என்று நீ எழுதியதை மிஷன் பள்ளிக்கூடத்து ஜெபசீலி டீச்சர் வாசிக்கக் கேட்டு எனக்கு நெஞ்சு நிறைந்தது. அதற்குக் கீழே நீ எழுதியிருந்ததை வாசிக்கும்போது டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். தாழ்த்தி என்ன பிரயோசனம், சென்னம்மாள் பக்கத்திலேயே முறத்தில் புளி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தக் கடிதத்தையும் நான் சொல்லச் சொல்ல டீச்சர்தான் எழுதுகிறார், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

புளி மண்டியை மூடு, பங்குனிக் கடைசியில் லீவு போட்டு வந்து அவளை அழைத்துப் போகிறேன், அதுவரைக்கும் அவள் சந்தைப் பக்கம் தலை காட்டக் கூடாது, ஊர் ஆண்களோடு துண்டுக்குள் கை கோத்து விலை பேசுகிறவளை வைத்துக்கொண்டு நான் எப்படித் தலை நிமிர்ந்து குடும்பம் நடத்துவது என்று எழுதியிருக்கிறாய். உனக்குச் சொன்னவர் தரகர் கோவிந்தப்பன் என்று நீயே பேரும் போட்டிருக்கிறாய். சின்ன வயதில் உனக்குப் பொரி வாங்கிக் கொடுத்தவர், அவர் சொன்னால் நீ நம்பத்தான் செய்வாய், அதற்கு உன்னைக் கோபிக்க மாட்டேன். ஆனால் ராசா, நடந்தது அதற்கு நேர் மாறு. நான் கூடவே நின்று கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

ஆடியில் நான் சூளகிரி ஏற்றத்தில் வண்டியிலிருந்து விழுந்தது உனக்குத் தெரியும். கால் தேறிவிட்டது என்று மட்டும்தான் எழுதவைத்தேன், இன்னும் தடியூன்றித்தான் நாலு அடி நடக்கிறேன். வலது கையில் சுண்டு விரலும் அதற்கு அடுத்ததும் மடங்கினபடியே நின்றுவிட்டன, கட்டுப் போட்டவர் எவ்வளவு எண்ணெய் விட்டு நீவியும் நிமிரவில்லை. நீ கவலைப்படுவாய் என்று சொல்லாமல் விட்டேன். தை பிறந்து புளி உலுக்கும் காலம் வந்ததும் மரங்களைப் பார்த்து விலை பேச என்னால் போக முடியவில்லை, சென்னம்மாள் போனாள். ரோட்டோரத்து மரங்களில் எது தித்திப்பு எது கடும்புளிப்பு, எது ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் காய்க்கும் என்று நான் கட்டிலில் கிடந்தபடி சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு போனவள், திரும்பி வரும்போது எனக்குத் தெரியாத நான்கு மரங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். கொட்டை எடுக்கிற பெண்களை உட்கார வைத்து, நார் வேறாக ஓடு வேறாகப் பிரித்து, பழைய புளியைப் புதுப் புளியோடு கலக்காமல் அவள் மூட்டை கட்டின நேர்த்தியை நான் என் காலத்தில் செய்ததில்லை. வாங்குவதும் கட்டுவதும் அவள், சந்தையில் விற்பது மட்டும் நான் என்று வைத்துக்கொண்டோம். ஏனென்றால் துண்டு இருக்கிறதே.

நம் சந்தையில் விலை பேசுவதை நீ என் தோளில் உட்கார்ந்து பார்த்தவன். தரகர் தோள் துண்டை எடுத்துக் கைமேல் போடுவார், விற்கிறவன் அதற்குள் கைவிட்டு விரலைக் கொடுத்து விலை சொல்வான், பிறகு அதே துண்டோடு அவர் வாங்குகிறவனிடம் போவார். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, வாங்கினவன் என்ன கொடுத்தான் என்று விற்றவனுக்கே தெரியாது. துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது, அப்புறம் சாமி வந்து சொன்னாலும் மாறாது. அதற்குள் ஒரு பெண் எப்படிக் கைவிடுவாள்? அதனால் நான்தான் தடியூன்றிக்கொண்டு போனேன். கோவிந்தப்பன் துண்டு போட்டார். ரூபாய்க் கணக்கு ஒத்துப்போய் அணாவுக்கு வந்தோம். நான் ஐந்து அணா என்று முழுக் கையையும் கொடுத்தேன். என் மனசில் கை விரிந்துதான் இருந்தது ராசா, இத்தனை வருஷப் பழக்கம், மடங்கின விரல் நினைவிலேயே இல்லை. அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது மூன்று விரல். துண்டை உதறிவிட்டார். அணா மூன்று என்று அவர் வாயால் கேட்டதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மணங்குக்கு மணங்கு அந்த இரண்டு அணாவில்தான் எங்கள் பருவத்து உழைப்பு முழுக்க இருந்தது. நான் சண்டைக்கு வாயெடுப்பதற்குள் சென்னம்மாள் வந்து என் முதுகில் கை வைத்து, "உடுங்க மாமா, துண்டு உதறியாச்சு, சொன்னது சொன்னதுதான். மூட்டைய ஏத்தச் சொல்லுங்க" என்றாள். ஒரு மூட்டை குறையாமல் ஏற்றிக் கொடுத்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வண்டியில் என் கையைப் பார்க்கவே இல்லை, பார்த்தால் எனக்கு வருத்தமாயிருக்கும் என்று.

அடுத்த சந்தைக்கு நானும் வருகிறேன் என்றாள். கோவிந்தப்பன் துண்டோடு என்னிடம் வந்தபோது அவள் முன்னால் வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, துண்டு வேண்டாங்கண்ணா, எங்க புளிக்கு விலை இதுதான் என்று சந்தை முழுக்கக் கேட்கும்படி ரூபாய் அணாவோடு சொன்னாள். ராசா, அந்த இடத்தில் மாடு அசைபோடுகிற சத்தம்தான் கேட்டது. அப்புறம் ஒரே சிரிப்பு. கோவிந்தப்பன், "ஏம்மா, இது என்ன வளையல் கடையா, கூவி விக்கறதுக்கு?" என்றார். அவள் கொஞ்சமும் தயங்காமல், "வளையல்காரன்கூட வெலைய வாயத் தொறந்துதானேண்ணா சொல்றான், அவனுக்கு இருக்கிற தைரியம் நமக்கு இல்லியா" என்றாள். பின்னாலிருந்து ஒருவன், கை நீட்ட மாட்டாதவளுக்கு யாவாரம் எதுக்கு என்றான். அவள் குனிந்து மூட்டையின் கட்டை அவிழ்த்தாள். பெங்களூர் சாவுகார் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மூட்டையில் கைவிட்டுப் புளியை எடுத்துக் கசக்கி மோந்து பார்த்தார், கன்னடத்தில் என்னவோ கேட்டார், இவளும் கன்னடத்திலேயே பதில் சொன்னாள், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பெண்ணாயிற்றே. ஓர் அணா குறைக்கச் சொன்னார், அரை அணா குறைத்தாள். அவ்வளவுதான், எல்லார் காதும் கேட்க வியாபாரம் முடிந்தது. இவள் கையை யாரும் தொடவில்லை, இவளும் யார் கையையும் தொடவில்லை. அதற்காகத்தான் அவள் வாயைத் திறந்ததே. அதைத்தான் உனக்குக் கை கோத்தாள் என்று எழுதியிருக்கிறார்.

இதில் ஒன்றை நானும் எதிர்பார்க்கவில்லை. கொட்டை எடுக்க வருகிற ராஜாத்தி தன் வீட்டு மரத்துப் புளியை இரண்டு கூடையில் கொண்டு வந்து அந்தச் சந்தையில் உட்கார்ந்திருந்தாள். விலையைக் காதால் கேட்டதும் கூடையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, "அய்யோ சாமி, இத்தினி வருசமா எனக்குக் குடுத்தது இதுல பாதிகூட இல்லியே" என்று வயிற்றில் அடித்துக்கொண்டாள். அடுத்த வாரம் அவள் கூடை நம் வீட்டு வாசலில் இருந்தது. அதற்கு அடுத்த வாரம் மேட்டுத் தெரு, காலனி, ஏரிக்கரை என்று பெண்கள் தலையில் சுமந்துகொண்டு வந்துவிட்டார்கள். சென்னம்மாள் அவரவர் புளியை அவரவர் முன்னாலேயே நிறுத்து, தித்திப்பு வேறு புளிப்பு வேறு என்று பிரித்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுபோய் விற்று, விற்ற விலையை வாசலில் நின்று சத்தமாகச் சொல்லித்தான் பங்கு கொடுக்கிறாள். அவளுக்கென்று எடுப்பதையும் சத்தமாகத்தான் சொல்கிறாள். கல்லாவியிலிருந்துகூட ஒரு பெண் வந்து, எங்கள் ஊரிலும் இப்படிச் செய்ய வந்து சொல்லிக் கொடு என்று கேட்டுப் போயிருக்கிறாள். தரகர்கள் நம் மூட்டையைத் தொட மாட்டோம் என்று கட்டுப்பாடு போட்டார்கள், வண்டிக்காரரைத் தடுத்தார்கள். ராஜாத்தியின் புருஷன் வண்டி பூட்டினான். கோவிந்தப்பன் கெட்டவர் இல்லை ராசா, அவர் தோளில் துண்டு சும்மா தொங்குகிறது, அதைத் தாங்க முடியாமல்தான் உனக்கு அப்படி எழுதிவிட்டார்.

உன் அம்மா முதலில் மருமகளோடு முகம் கொடுத்தே பேசவில்லை. மானம் போகிறது என்று மூலையில் உட்கார்ந்தாள். நான்தான் கேட்டேன், சரோஜா, ஜப்பான் சண்டை நடந்த காலத்தில் நான் காய்ச்சலில் கிடந்தேனே, நீ இதே புளியைத் தலையில் வைத்து கிருஷ்ணகிரிக்கு நடந்தாயே, வழியில் யார் கேட்டாலும் விற்றாயே, அன்றைக்கு மானம் போகவில்லையா என்று. அது சுமை, இது யாவாரம் என்றாள். சொல்லிவிட்டு அவளே யோசித்துப் பார்த்தாள். சுமக்கும்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை, தராசைக் கையில் பிடித்ததும்தான் சொல்கிறார்கள் என்று அவள் வாயாலேயே வந்தது. எலெக்ஷன் வந்தபோது இதே உன் அம்மாதான் ஓட்டுப் போட்ட விரலின் மையை முந்தானையில் மறைத்துக்கொண்டு, யாருக்குப் போட்டாய் என்று நான் கேட்டதற்கு உங்களுக்கு எதுக்கு என்றவள். காலம் அப்படி நகர்கிறது. இப்போது சந்தை நாளில் மருமகளுக்குத் தூக்குச் சட்டியில் களி வைத்துக் கொடுப்பது உன் அம்மாதான்.

உன் கடிதம் வந்த அன்று டீச்சர் வாசித்து முடித்ததும் சென்னம்மாள் முறத்தைக் கீழே வைக்கவில்லை, அதே கையோடு வேலையை முடித்தாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாயிருந்திருக்கும். இருட்டும் நேரத்தில் எனக்குச் சோறு போட வந்தபோது, நீ என்னம்மா சொல்கிறாய், மகனுக்கு நான் என்ன எழுத என்று கேட்டேன். "கட்டின எடத்துக்கு வர மாட்டேன்னு நான் சொல்லல மாமா, அவரு கூட இருக்கணும்னு எனக்கும் ஆசைதான். குழாயடி வீட்டுல அவருக்கு நான் சோறு பொங்கணும்னு ஆசைதான். ஆனா தப்பு செஞ்சவளக் கூட்டிட்டுப் போற மாதிரி கூட்டிட்டுப் போனா நான் வர மாட்டேன்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். நான் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதில் சொத்தை இல்லை.

அதனால் முனிராஜ், நீ சொன்னபடி மண்டியை நான் மூடவில்லை. அப்பன் பேச்சை மீறி நீ நடந்ததில்லை, உன் பேச்சை முதல் தடவையாக நான் மீறுகிறேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. நீ லீவு போட்டு வா. வந்ததும் மூட்டை முடிச்சு என்று ஆரம்பிக்காமல் ஒரு சந்தை நாள் எங்களோடு வந்து நில். நாலு பேர் சிரிப்பதையும் கேள், அவள் விலை சொல்வதையும் கேள், ராஜாத்தி மாதிரிப் பெண்கள் பணத்தை முடிந்துகொண்டு நடக்கிற நடையையும் பார். வைகாசியோடு புளி ஓய்ந்துவிடும், அதற்குப் பிறகு தை வரைக்கும் அவளை அங்கே வைத்துக்கொள், பருவத்துக்கு இங்கே அனுப்பு என்று எனக்கு ஒரு யோசனை. ஊரில் யாரும் அப்படிக் குடும்பம் நடத்தினதில்லை என்பாய். நாம் நடத்தினால் அப்புறம் நடத்துவார்கள். ஆனால் இதுவும் என் யோசனைதான், தீர்ப்பு இல்லை.

ரயில் பட்டறையில் நெருப்புப் பக்கத்தில் வேலை செய்கிறாய், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே, அங்கத்துக் கடுகெண்ணெய் வேண்டாம், நல்லெண்ணெய் கிடைக்காவிட்டால் எழுது, அனுப்பச் சொல்கிறேன். வெறும் வயிற்றில் டீ குடிக்காதே என்று உன் அம்மா சொல்லச் சொன்னாள். நீயும் சென்னம்மாளும் குறைவில்லாமல் நீடூழி வாழ வேண்டும், நம் குலதெய்வம் உன் முன்னேயும் பின்னேயும் நின்று காக்கும். ஒன்றே ஒன்று நினைவு வைத்துக்கொள். உன் பெண்சாதி மண்டிக்குப் போகலாமா கூடாதா, அங்கே வருவாளா மாட்டாளா என்று இனி என்னை எழுதிக் கேட்காதே, அவள் பேருக்கு எழுதி அவளையே கேள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், நேரம் பிடிக்கும், ஆனாலும் ஒரு வரி விடாமல் படிப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பன் திம்மராயன்
(இடது கைப் பெருவிரல் ரேகை)