செய்வோம், பிறகு விளங்கிக்கொள்வோம்

என் கண்ணான எஸ்தர்,

சபை இதழுக்கு ஏதாவது எழுதித் தரும்படி போதகர் கேட்டார். யாரை நினைத்து எழுதுவது என்று தெரியவில்லை. உனக்கே எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிப்பார்கள், பொறுத்துக்கொள். வழமைபோல் குறிப்புப் போட்டுத்தான் தொடங்குகிறேன். சிரிக்காதே.

1. ‘நஅசே வெநிஷ்மா’ என்ற எபிரேயச் சொற்கள் என்ன சொல்கின்றன.
2. நான் ஏன் அவற்றை ஏற்காமல் இருந்தேன்.
3. வெள்ளம் வந்த சனிக்கிழமை என்ன நடந்தது.
4. கடவுளுக்குக் கீழ்ப்படிகிறவனை விட்டுப் பயம் போய்விடும் என்பது.

முதலாவது உனக்குத் தெரிந்ததுதான். மலையடியில் மோசே உடன்படிக்கையை வாசித்தபோது சனங்கள் சொன்ன பதில் அது: ‘செய்வோம், செவிகொடுப்போம்.’ செய்வது முன்னுக்கு, செவிகொடுத்து விளங்கிக்கொள்வது பின்னுக்கு. இறையியல் கல்லூரியில் இருந்த அந்தக் கொஞ்சக் காலத்தில் நான் படித்தவற்றில் இது மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. இரண்டாவது இதுதான்: நான் கணக்குப் படிப்பித்தவன். வழி காட்டாமல் விடையை மட்டும் எழுதுகிற பிள்ளைக்கு முழுப் புள்ளி போட்டதில்லை. கடவுள் மட்டும் எப்படிப் போடுவார்?

வீட்டில் நடந்த வேதபாட வகுப்பில் இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, நீ தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றாய்.

“எல்லாம் சரி. செய்யிறது எப்ப? நீங்கள் விளங்கி முடியிறதுக்குள்ள தேத்தண்ணி ஆறிப்போகும்.”

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். உன்னிடம் பதில் சொல்லி வென்றவர் யார்? ஹனிபா நானாவும் பரீதாவும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வெறுங்கையோடு நம் முந்தலில் வந்திறங்கிய நாளில், அவர்களுக்கு எந்த அளவில் உதவலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். நீ அதற்குள் நம் அரிசிப் பானையைக் கொண்டுபோய் அவர்கள் அடுப்பில் வைத்திருந்தாய். யுத்தம் முடிந்தபின் அவர்கள் ஊர் போய்ப் பார்த்துவிட்டு, இனி இதுதான் ஊர் என்று முந்தலுக்கே திரும்பி வந்ததற்கு அந்தப் பானையும் ஒரு காரணமாக இருக்குமோ?

இனி மூன்றாவது. நீ கர்த்தரிடம் போனபின் வந்த முதல் அறுப்புப் பண்டிகை அது. சனிக்கிழமை காலையே பீடத்தைச் சுற்றித் தேங்காய், வாழைக்குலை, பூசணிக்காய், உடப்பிலிருந்து வந்த கருவாடு எல்லாம் அடுக்கி முடித்தோம். தூணோடு இரண்டு சேவல்களையும் கட்டிவைத்தோம். ஞாயிறு ஆராதனை முடிந்து ஏலம் விடும்வரை அதில் ஒருவரும் கை வைப்பதில்லை, உதிர்ந்த வாழைப்பழத்தில்கூட. சபைச் செயலாளர் என்று கோயில் பூட்டின் திறப்பு என்னிடம். போதகர் புத்தளம் போயிருந்தார்.

மத்தியானத்துக்குப் பிறகு களப்புப் பக்கத்து அணைக்கட்டு உடைந்தது. இறால் குளம் எது, வீட்டு முற்றம் எது என்று தெரியவில்லை. நான் மேட்டில் இருக்கும் கோயில் வாசலில் ஒதுங்கி நின்றேன். இடுப்பளவு தண்ணீரில் பரீதா வந்தாள், பின்னால் ஒரு ஒழுங்கைச் சனமே வந்தது.

“சேர், கதவத் தொறங்க! புள்ளைகள் நனையிது.”

“கொஞ்சம் பொறுங்கோ பரீதா. போதகரிட்ட ஒரு வார்த்தை கேட்க வேணும். போன் எடுக்கிறாரில்லை.”

“வெள்ளம் போதகரிட்டக் கேட்டுப்போட்டா வந்திச்சு?”

நான் முடிவெடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை, எஸ்தர். திறப்பு பூட்டுக்குள் இருந்தது. கதவு திறந்திருந்தது.

பிள்ளைகள் பசியில் அழத் தொடங்கினார்கள். றோட்டை வெள்ளம் அறுத்துவிட்டது, கடைகளுக்குள்ளும் தண்ணீர். பீடத்தைப் பார்த்தேன். பெரிய பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு பரீதாவிடம் வந்தேன்.

“அல்லாஹ்வே, இது என்ட பூசணிக்காய் எல்லோ! எஸ்தர் அக்கா வருசாவருசம் கேட்டு வாங்குவாவெண்டு நேத்துத்தான் குடுத்தனுப்பினன்.”

“அப்ப நீங்களே வெட்டுங்கோ.”

அந்த நேரம் பார்த்து நம் பொருளாளர் செல்வராசா நனைந்துகொண்டு உள்ளே வந்தார். அவர் எப்படிக் கத்துவார் என்று உனக்குத் தெரியும்.

“மாஸ்டர்! ஆண்டவருக்குப் படைச்சதை அடுப்பில ஏத்தவோ? நாளைக்கு ஏலத்துக்கு என்னத்தை வைக்கிறது, உங்கட தலையையோ?”

“அதை ஆர் கேட்டு எடுக்கப்போகினம், தம்பி?”

“பகிடி விடாதேங்கோ. கமிட்டியில வைச்சு உங்களிட்ட இருந்து திறப்பை வாங்காமல் விடமாட்டன்.”

அந்தத் திறப்பு எனக்கு என்ன என்பது உனக்குத் தெரியும். நீயும் இல்லாத வீட்டில், காலையில் எழும்பிப் போக எனக்கு இருக்கிற ஒரே இடம் அந்தக் கோயில்தான். ஆனாலும் சொன்னேன்: “வாங்குங்கோ. இப்ப தேங்காய் துருவ ஆள் வேணும்.”

ஹனிபா நானா சேவல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். “சேர், நான் அல்லாஹ்ட பேரால பிஸ்மி சொல்லி அறுத்தா எல்லாரும் தின்னலாம். அறுக்கவா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “அறுங்கோ நானா” என்றேன்.

செல்வராசா கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கிக்கொண்டு ஆராதனை வாங்கில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழும்பிப் போய்த் தேங்காய்த் திருவலையில் குந்தினார். கடைசியில் பார்த்தால் அகப்பை அவர் கையில். “உப்புக் காணாது! ஆர் உப்புப் போட்டது?” என்று எல்லோரையும் ஏசிக்கொண்டிருந்தார்.

அடுப்பு எரிந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. முதற்பலனைக் கடவுளின் முன் வைக்கிறோம் என்று இத்தனை வருடமாகச் சொல்லி வந்தோமே, அவர் அதை எந்த வாயால் உண்கிறார் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா? அன்று ஒவ்வொரு கோப்பையாக நீட்டும்போது அந்த வாய்களைப் பார்த்தேன். முதலில் விளங்கினால்தான் செய்வேன் என்று நின்றிருந்தால், கடைசிவரை விளங்கியிருக்காது. உன் கேள்விக்கு என் பதில் இதுதான். பிந்தி வந்தாலும் வந்துவிட்டது!

ஞாயிறு காலை போதகர் டிராக்டரில் ஏறி வந்து சேர்ந்தார். வாங்குகளில் சாரங்கள் காய்ந்தன, பீடம் வெறுமையாகக் கிடந்தது.

“மாஸ்டர், அறுப்பு எங்க?”

“சாப்பிட்டு முடிஞ்சுது ஐயா.”

அவர் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு ஈரக் காலோடு பீடத்தண்டை போய் நன்றிப் பாட்டைத் தொடங்கினார். பாடத் தெரிந்தவர்கள் பாடினார்கள். தெரியாதவர்கள் கை தட்டினார்கள். அப்படி ஒரு அறுப்புப் பண்டிகையை முந்தல் கண்டதில்லை. கமிட்டி கூடியபோது, திறப்பு மாஸ்டரிடமே இருக்கட்டும் என்று முதலில் சொன்னவர் செல்வராசா.

இனி நாலாவதை விளக்க வேண்டும். எழுதி எழுதி வெட்டுகிறேன். என்னை விட்டுப் பயம் போகவில்லை, எஸ்தர். பூட்டைத் திறந்தபோது கை நடுங்கியது. ‘அறுங்கோ’ என்று சொன்னபோது வாங்கைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். வேதாகமத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அந்த மலையடிச் சனங்களும் இடிமுழக்கத்தையும் புகையையும் கண்டு நடுங்கித் தூரத்தில் நின்றவர்கள்தான். அவர்கள்தான் ‘செய்வோம்’ என்று சொன்னவர்கள்.

இனி யார் வந்து கதவைத் தட்டினாலும் நடுங்கிக்கொண்டே திறப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. நாலாவது குறிப்பு பிழை.

உன் மனுசன்